பாப்பாவின் புத்தகத்தில் எத்தனை கதவு வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கைக்குழந்தைகளுக்கான அட்டைப் புத்தகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேசவே ஆரம்பிக்காத பிள்ளைக்கும் புத்தகம் வாங்கலாம் என்று சொல்ல ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு கருத்து மட்டும் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தினால் பாட்டு, கதவு மாதிரி ஒரு மடிப்பைத் திறந்தால் பொம்மை, இழுத்தால் அசைவு என்று ஒரே புத்தகத்தில் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அவ்வளவு நல்லது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். என் அனுபவம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 17 வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்தாறு மாதக் குழந்தையிலிருந்து மூன்று வயதுப் பிள்ளை வரை என் அறையில் இருப்பார்கள். சுவரோரமாக என் முழங்கால் உயரத்துக்கு ஒரு அலமாரி. அதில் எப்போதும் நாற்பது, ஐம்பது அட்டைப் புத்தகங்கள் இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுப்பது, துடைப்பது, பிய்ந்ததை ஒட்டுவது, ஒட்ட முடியாததை எடுத்துப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. கடையில் பளபளவென்று இருக்கிற புத்தகம், இருபது பிள்ளைகள் கையில் ஆறு மாதம் கிடந்த பிறகு என்ன ஆகும் என்பதை வருடா வருடம் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பயமுறுத்திய ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால், யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு ஒலிப் புத்தகம் எங்கள் அலமாரிக்கு வந்தது. வலது ஓரத்தில் பத்து பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கின் படம். அழுத்தினால் அதன் சத்தம் வரும். 14 மாதப் பெண் குழந்தை ஒருத்திக்கு அந்தப் புத்தகம் என்றால் உயிர். தூக்கிக்கொண்டே நடப்பாள், உட்கார்ந்தால் தரையில் தட்டுவாள். ஒரு நாள் மதியம் மற்ற பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். அவள் பட்டனை அழுத்துகிறாள், சத்தம் வரவில்லை. புத்தகத்தைத் திருப்பினேன். பின்பக்கத்து பேட்டரி மூடியைக் காணோம். பட்டன் பேட்டரி என்கிற, சட்டைப் பொத்தான் மாதிரிச் சின்ன வட்ட பேட்டரி மூன்று உட்காருகிற பள்ளத்தில் இரண்டுதான் இருந்தது. அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். மூடியின் ஒரு துண்டு வந்தது. பேட்டரி வரவில்லை.

கூட வேலை பார்க்கிற பெண், “அக்கா, பாயைத் தூக்கிப் பார்த்துவிடலாமா? இங்கேதான் எங்கேயாவது கிடக்கும்” என்றாள். நீ தேடு, நான் கிளம்புகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகிற வழியில்தான் குழந்தையின் அம்மாவுக்கு போன் செய்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொண்டையிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. சாயங்காலம் அந்த பேட்டரி அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் கிடைத்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்த மூடியில் ஸ்க்ரூ இருந்ததா அக்கா?” எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகம் வந்த அன்று அட்டையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், பட்டனை அழுத்திப் பார்த்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது ஸ்க்ரூ போடுவதற்கான ஓட்டைகூட அதில் கிடையாது. நகத்தால் நெம்பினால் வந்துவிடுகிற ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான்.

பட்டன் பேட்டரி காசு மாதிரிதானே, விழுங்கினால் மறுநாள் வெளியே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு டாக்டர்தான் விளக்கினார். உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், ஈரமான சதையின் வழியாக மின்சாரம் பாயும். அதனால் அந்த இடத்தில் காரத்தன்மையுள்ள ஒரு பொருள் உண்டாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடலாம். பொம்மையை ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான லித்தியம் பேட்டரிதான் இதில் மோசமானது, சின்னத் தொண்டையில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். விழுங்கிய குழந்தை சில நேரம் இருமும், எச்சில் ஒழுகும். சில நேரம் ஒன்றுமே காட்டாது. அதனால் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று ரிமோட்டின் பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்த பிறகு, 2022இல் இதற்காகவே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இவ்வளவு ஆபத்து இருப்பது தெரிந்த பிறகும், கட்டுரையில் ஒலிப் புத்தகங்களைப் பற்றி எழுதிய நான்கு பத்தியிலும் பேட்டரி என்ற சொல்லே இல்லை. அதுதான் என் முதல் வருத்தம்.

இப்போது எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறேன். பேட்டரி உண்டென்றால் மூடி ஸ்க்ரூவால் இறுக்கியிருக்க வேண்டும். ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அது மூடியிலேயே தொங்க வேண்டும், கீழே விழக் கூடாது. ஒரு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டு, குறுக்கே கோடு கிழித்த அடையாளம் இருந்தால், அது மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஆகாது என்று அர்த்தம். அந்த அடையாளத்தை 0 முதல் 3 வயது வரை கொடுக்கலாம் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒட்டியிருக்கும் கண், பொத்தான், மணி எல்லாவற்றையும் கட்டை விரலால் அழுத்தமாக இழுத்துப் பார்ப்பேன். சின்னப் பிள்ளை விழுங்கக்கூடிய அளவா என்று சோதிக்க, பொம்மைத் தரச்சோதனையில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். பிய்ந்து வந்த துண்டு அதற்குள் முழுசாகப் போய்விட்டால், மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொருளாக அதை விற்கக் கூடாது. வீட்டில் அந்தக் குழாய் இருக்காது. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் போகிற எதையும் நான் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

சரி, மூடி பத்திரமாக இருக்கிறது, எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒலிப் புத்தகங்களை நான் அலமாரியில் அதிகம் வைப்பதில்லை. அதற்குக் காரணம் பெரியவர்கள்.

அந்தப் பட்டன் புத்தகம் எங்களிடம் இருந்த நாட்களில் இதைக் கவனித்தேன். சத்தமில்லாத புத்தகத்தைக் கையில் எடுத்தால் நாங்கள் எல்லோருமே தானாகப் பேசுவோம். “அட, யாரு இது? மாடா? மாடு எப்படிக் கத்தும்?” என்று. பட்டன் உள்ள புத்தகம் என்றால் பிள்ளை அழுத்தும், புத்தகம் கத்தும், நாங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பையன் ஒரே பட்டனைப் பதினொரு தடவை அழுத்தினான், நான் எண்ணினேன். பக்கம் திரும்பவே இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இது என் அறையில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனா சோசா என்ற ஆய்வாளர் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும், மொத்தம் 26 ஜோடிகளை, அவரவர் வீட்டிலேயே விளையாட விட்டு ஒலிப்பதிவு செய்தார். 2016இல் அந்த ஆய்வு ஒரு குழந்தை மருத்துவ இதழில் அச்சானது. பேட்டரி பொம்மைகளோடு விளையாடும்போது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 வார்த்தை பேசினார்கள். கட்டைகள், புதிர்த் துண்டுகள் போன்ற சாதாரணப் பொம்மைகளோடு 56. புத்தகத்தோடு 67. புத்தகம் என்றால் சாதாரண அட்டைப் புத்தகம்தான். ஒரு வயதுப் பிள்ளைக்கு மொழி வருவதே பெரும்பாலும் தன்னிடம் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டுத்தான். அதனால் ஒரு புத்தகத்தை எடுத்ததும் என் வாய் திறக்கிறதா, மூடிக்கொள்கிறதா என்பதுதான் நான் வைக்கிற முதல் பரீட்சை.

கட்டுரையில் ‘ஒரு வயது முதல் மூன்று வயது வரை’ என்று மொத்தமாக ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையின் கை எவ்வளவு மாறுகிறது தெரியுமா? என் அறையில் அதைத் தினமும் பார்க்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் நம் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அந்த வயதில் கறுப்பு வெள்ளைக் கோடு, வட்டம், பெரிய முகம் இருந்தால் போதும். நாலைந்து மாதம் ஆனதும் நிறங்கள் நன்றாகவே தெரியும். அதற்குள் கை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்துவிடும், பிடித்ததெல்லாம் வாய்க்குப் போகும். ஆறு மாதப் பிள்ளை புத்தகத்தைக் கடிக்கிறது என்று பெற்றோர் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த வயதில் வாயால்தான் படிக்க முடியும். கடிக்கட்டும். நாம் பார்க்க வேண்டியது, கடித்தால் அட்டை ஊறி உப்பாத லேமினேஷன், மழுங்கிய மூலை, பிய்ந்து வராத விளிம்பு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பெரிய சதுரப் புத்தகத்தை ஆறு மாதப் பிள்ளையால் தூக்க முடியாது, முகத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒன்பது மாதத்தில் ஒரு அழகான விஷயம் நடக்கும். படத்தில் இருக்கும் பந்தை எடுக்கப் பார்ப்பார்கள். விரலைக் குவித்து, பக்கத்தைச் சுரண்டி, வரவில்லை என்றதும் நம்மைப் பார்ப்பார்கள். ஜூடி டிலோச் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதையே 1998இல் ஆய்வாக எழுதினார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் படத்தை நிஜப் பொருள் போலப் பிடித்து எடுக்கப் பார்க்கிறார்கள். 19 மாதம் ஆகும்போது பிடிப்பதை விட்டுவிட்டு விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். படம் என்றால் என்ன என்பதையே அந்தப் பத்து மாதத்தில்தான் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிறது. அதனால் இந்த வயதுக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு பொருள், சுற்றிலும் வெறும் இடம், முடிந்தால் புகைப்படம். தலையும் காலும் மாறிப்போன கார்ட்டூன் யானையைவிட, யானை மாதிரியே இருக்கும் யானைதான் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வெளியே பார்க்கும்போது நினைவுக்கு வரும்.

இப்போது கதவுக்கு வருகிறேன். திறந்து பார்க்கிற அந்தச் சின்ன மடிப்பை எங்கள் காப்பகத்தில் எல்லோரும் கதவு என்றுதான் சொல்வோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்; அதற்கு எதிராக நான் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல், கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை, அங்கேதான் இருக்கிறது என்பது பிள்ளைக்கு மெல்லப் புரிய ஆரம்பிக்கும். முகத்தைத் துணியால் மூடி “காணோமே... இதோ!” என்று விளையாடுவதற்கு அது சிரிப்பதும் அதனால்தான். கதவுள்ள புத்தகம் அதே விளையாட்டு. எங்களிடம் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் பூனை. பெட்டியின் மூடி துணியால் ஆனது, கீழே பூனையின் வால் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரியும். பதினொரு மாதப் பையன் ஒருவன் முதல் நாள் அந்த வாலைத்தான் தடவினான். மூடியைத் தொடவே இல்லை. “யாரு வாலு இது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். என்னைப் பார்த்தான், வாலைப் பார்த்தான். நான் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, காது தெரிந்ததும் மறுபடி மூடினேன். மூச்சை இழுத்தான். மூன்றாவது தடவை அவனே உள்ளங்கையால் மூடியைத் தள்ளினான், பூனை முழுசாகத் தெரிந்தது. உடனே அவன் பார்த்தது என் முகத்தைத்தான், பூனையை இல்லை. நீயும் பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி. அன்றைக்கு அந்தப் பக்கத்திலேயே கால் மணி நேரம் இருந்தோம். பிறகு இரண்டு வாரம் தினமும் அந்தப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் பின்பக்கமாக வந்து உட்காருவான்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கதவுதான். அது துணிக் கதவு. அட்டைக் கதவு ஒரு வயதுப் பிள்ளையின் முழுக்கைப் பிடிக்கு இரண்டு நாள் தாங்காது. பிய்ந்த துண்டும் நேரே வாய்க்குப் போகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கிற பிடி ஒன்பது, பத்து மாதத்தில்தான் வர ஆரம்பிக்கிறது, அது பழகி நிதானப்பட இன்னும் பல மாதம் ஆகும். அட்டைக் கதவைக் கிழிக்காமல் திறக்க, தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளுகிற அட்டையை நகர்த்த, ஒன்றரை, இரண்டு வயதாவது ஆக வேண்டும். எங்கள் அறையில் அட்டைக் கதவுப் புத்தகங்கள் தனியாக மேல் தட்டில் இருக்கும். மடியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும் எடுப்போம்.

பக்கத்துக்கு ஆறு கதவு, அடியில் இழுப்பான், மேலே சுழலும் சக்கரம் என்று இருக்கிற புத்தகத்தில் என்ன நடக்கிறது? பிள்ளை கதவு கதவாகத் திறந்துகொண்டே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று நிற்காது. 2010இல் வெளியான ஒரு ஆய்வில், டிலோச்சும் மற்ற ஆய்வாளர்களும் சாதாரணப் படப் புத்தகத்தையும், மடிப்பும் எழும்பி நிற்கும் படமும் உள்ள புத்தகத்தையும் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். புதுச் சொற்களையும் புதுத் தகவலையும் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டது சாதாரணப் புத்தகத்தில்தான். அதனால் நான் இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். சேர்ந்து சிரிக்க, ஒளிந்து விளையாட, கையைப் பழக்கக் கதவுள்ளது. பெயர் சொல்லித்தர, வெறும் படம். ஒரே புத்தகத்தின் தலையில் எல்லா வேலையையும் கட்ட வேண்டாம்.

தொட்டுப் பார்க்கும் புத்தகங்களைப் பற்றிக் கட்டுரையில் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாதிப் புத்தகங்களில் ஆடு, முயல், கரடி, நாய் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மெத்து மெத்தென்ற துணியைத்தான் ஒட்டியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பக்கத்தையும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு, வழுவழுப்பு, மேடு பள்ளம் என்று வித்தியாசம் தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம். முடி நீளமாக இருந்தால் இழுத்து வாயில் போடுவார்கள். கண்ணாடி வைத்த பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஒன்றரை வயதுக்கு முன்னால் அதில் தெரிவது தான்தான் என்று பெரும்பாலும் தெரியாது, ஆனாலும் அந்த முகத்தோடு பேசும். அது உடையாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆசிரியர் அவர்களே, ஒரு தமிழ் நாளிதழுக்கு எழுதுவதால் இதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் வருகிற அட்டைப் புத்தகங்களில் பலவற்றின் வாசகம் வாயில் நுழைய மறுக்கிறது. ‘சிறிய முயல் இங்கே இல்லை. அது எங்கே இருக்க முடியும்?’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எந்த அம்மா தன் பிள்ளையிடம் அப்படிப் பேசுவாள்? ‘முயல்குட்டி எங்கே? இங்கே காணோமே!’ என்றால் ஒரு வயதுப் பிள்ளைகூடத் தலையைத் திருப்பித் தேடும். நம் மொழியில் சத்தத்துக்கு இருக்கிற சொற்கள் எத்தனை! மழை சோவென்று கொட்டும், மணி கணகணவென்று அடிக்கும், தண்ணீர் சலசலக்கும், கதவு கிரீச்சென்று திறக்கும், நாய் லொள் லொள் என்று குரைக்கும், பாப்பா தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும். இவ்வளவையும் விட்டுவிட்டு, சத்தம் வேண்டும் என்று பேட்டரியைத் தேடிப் போக என்ன அவசியம்? பேச்சு வராத பிள்ளைகள் முதலில் திருப்பிச் சொல்வது இந்த மாதிரி ஓசைகளைத்தான். என் அறையில் ‘மாடு’ என்ற சொல் வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே ‘ம்மா’ வந்துவிடும். தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வீட்டிலும் தடுக்கும்.

எப்படிப் படித்துக் காட்டுவது என்பதற்குக் கட்டுரையில் இடம் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. அச்சில் இருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. கிரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் ஒரு பயிற்சி முறையை எழுதினார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையானது: ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேளுங்கள், பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அதோடு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளை ‘பஸ்’ என்றால், ‘ஆமாம், சிவப்பு பஸ், எங்கே போகுது?’ என்கிறோமே, அது. ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. நான் இதில் சேர்க்கக்கூடியது ஒன்றுதான். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். ஐந்து எண்ணுவது பெரியவர்களுக்கு ரொம்ப நீளமாக இருக்கும், நடுவில் நாமே பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாமல் இருந்தால் நாலாவது எண்ணில் ஒரு சின்ன விரல் நீளும்.

எங்களிடம் வருகிற பிள்ளைகளில் கையில் பலம் குறைந்தவர்களும் உண்டு. ஒரு பையனால் இரண்டரை வயதிலும் அட்டைப் பக்கத்தைப் பிரிக்க முடியவில்லை. எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் வரும், கோபத்தில் புத்தகத்தை வீசிவிடுவான். அவனுக்குப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வந்த ஒரு பெண்மணி ஒரு வழி சொன்னார். நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுவோமே, பஞ்சு மாதிரித் துணித் துண்டு, அதை ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கொஞ்சம் இடம் மாற்றி மாற்றி ஒட்டினோம். பக்கங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. முஷ்டியாலேயே அவன் பக்கத்தைத் திருப்பினான். ஒட்டிய துண்டு பிய்கிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டோம். எந்தச் சக்கரமும் பட்டனும் அவனுக்குக் கொடுக்காத சந்தோஷத்தை அந்தத் துணித் துண்டு கொடுத்தது.

துடைப்பதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஈரத்துணியில் துளி சோப்பு தொட்டு, நன்றாகப் பிழிந்து துடைத்து, பக்கங்களை விரித்து நிறுத்திக் காயவைத்தால் போதும். தண்ணீரில் முக்கினால் அட்டை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த புத்தகத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. பட்டன் பேட்டரி உள்ள புத்தகங்களைப் பரிந்துரைக்கும்போது, மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி கட்டாயம் போடுங்கள். அந்தக் கட்டுரைக்கும் இதை ஒரு குறிப்பாக அடுத்த ஞாயிறே வெளியிட்டால் நன்றாக இருக்கும். கட்டுரையைப் பார்த்து வாங்கியவர்கள் இப்போதே வீட்டில் திருப்பிப் பார்க்கட்டும். இரண்டாவது, வயதை மொத்தமாகப் போடாமல் ஆறு மாதம், ஒரு வயது, ஒன்றரை, இரண்டு என்று பிரித்துப் போடுங்கள். எந்த வயதுக்கு எந்தப் பிடி, எந்தக் கதவு என்று எழுதித் தருவதற்கு நான் தயார். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
குழந்தைகள் காப்பக ஊழியர் ஒருவர்